கைமாறிய வண்டி, மாறாத பெயர்: ஊரடங்கில் கடை வழியும் நேர் வழியும்

2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் ஆகியவற்றில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது, அந்த அறிவிப்பில் பரவை பேரூராட்சியின் பெயர் தனியாக இடம்பெற்றது. திண்டுக்கல் சாலையில் உள்ள பரவை காய்கறிச் சந்தைக்கு லாரிகளும் வியாபாரிகளும் வெளியூர்களிலிருந்து வந்துபோவார்கள். அங்கே கொரோனா தொற்று பரவியதும் சந்தை மூடப்பட்டது. ஜூன் 30 வரை என்று தொடங்கிய கட்டுப்பாடு ஜூலை 5, ஜூலை 12 என்று நீண்டு ஜூலை 14இல்தான் முடிந்தது. அதே சாலையில் கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் வாடிப்பட்டி ஒன்றியம் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரே சாலையின் ஒரு முனை அடைபட்டிருக்க, மறுமுனை ஓரளவு திறந்திருந்தது.

அப்படிப்பட்ட மாதங்களிலும் பழைய பைக்குகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. கைமாறிய வழிகள் இரண்டு. ஒன்று, ஊர் வழக்கில் ‘கன்சல்டிங்’ எனப்படும் பழைய வண்டிக் கடை. மற்றது, தெருக்காரர், உறவுக்காரர், கைபேசியில் படம் பார்த்துக் கூப்பிட்டவர் என்று ஆளுக்கு ஆள் நேராக விற்றுக்கொள்வது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விலையிலும் வண்டியின் தரத்திலும் நேர் வழி பல இடங்களில் கடையை வென்றிருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் பெயர் மாற்றும் விஷயத்தில் இரண்டுமே தவறின. அந்தத் தவறின் சுமை இன்றும் சிலர் தலையில் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாமல். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில், வண்டி ஓடவே கூடாது என்றிருந்த காலத்தில் வண்டிக்கு ஏன் அவ்வளவு தேவை? பேருந்து இல்லை. மார்ச் 24 மாலையோடு நின்ற பேருந்துகள் ஜூன் 1 முதல் மண்டலங்களுக்குள் பாதி அளவில் ஓடிப் பார்த்தன. மதுரைப் பகுதியில் ஜூன் 24 ஊரடங்கோடு அதுவும் நின்றது. ஜூலையில் மாநிலம் முழுக்கவே இல்லை. மாவட்டத்துக்குள் செப்டம்பர் 1, மாவட்டம் விட்டு மாவட்டம் செப்டம்பர் 7 என்றுதான் மீண்டும் ஓடத் தொடங்கின. ஆரப்பாளையத்துக்கும் சமயநல்லூருக்கும் நகரப் பேருந்தை நம்பி வேலைக்குப் போன ஆள் என்ன செய்வார்? மில், மருத்துவமனை, துப்புரவு, மின்வாரியம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் எப்படியும் போய்த்தான் ஆகவேண்டும். வேலை போனவர்களில் பலர் காய்கறி, மீன், முட்டை என்று தெருத்தெருவாக விற்கக் கிளம்பினார்கள். அதற்கு, முன்பக்கத்தில் மூட்டை வைக்க இடமுள்ள டிவிஎஸ் எக்ஸ்எல் போன்ற வண்டிதான் தோது. புதிதாக வாங்கலாம் என்றால் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி. கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்ததால் சாதாரண 100 சிசி வண்டியின் விலையே பல ஆயிரம் ரூபாய் கூடிவிட்டது. அந்த ஏப்ரலில் புது வண்டி விற்பனை நாடெங்கும் படுத்துக் கிடந்தது. மாருதி நிறுவனம் உள்நாட்டில் ஒரு காரைக்கூட விற்கவில்லை. ஆக, கையில் இருபது முப்பதாயிரம் வைத்திருந்தவர்களின் கண் பழைய வண்டிமேல் விழுந்தது.

விற்றவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். வருமானம் நின்ற குடும்பத்தில் நகைக்கு அடுத்தபடியாகக் காசாகும் பொருள் வண்டிதான். தவணை பாக்கி உள்ள வண்டியை விற்க முடியாது. ஆர்சியில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் அறிவித்த மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பு பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அது பலருக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. அதனால் அந்த மாதங்களில் விற்பனைக்கு வந்ததில் கடன் முடிந்த, நான்கைந்து வருடம் ஓடிய, வீட்டில் இரண்டாவதாக நின்ற வண்டிகளே அதிகம். நல்ல வண்டிகள். வாங்குகிறவருக்கு அது அதிர்ஷ்டம், விற்கிறவருக்கு வேதனை.

கடையில் நடப்பது இதுதான். சாலையோரம் வரிசையாகப் பத்துப் பதினைந்து வண்டிகள், ஹேண்டில்பாரில் தொங்கும் அட்டையில் மாடல் வருடமும் விலையும். உள்ளே ஒரு மேசை, ஆர்சி புத்தகங்கள் அடுக்கிய ஃபைல். கடைக்காரர் வண்டியைச் சொந்தப் பணத்தில் வாங்கிப் போடுவார், சின்ன வேலை பார்த்து விற்பார். ஷட்டர் மூடிய நாளிலும் வாடகை ஓடும், வண்டியில் போட்ட பணத்துக்கு வட்டி ஓடும். நின்ற வண்டி ஒவ்வொரு வாரமும் கெடும்: பேட்டரி இறங்கும், கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஜெட்டை அடைக்கும், எலி வயரைக் கடிக்கும். மே மாதத் தளர்வுகளில் கடை திறந்து, ஜூன் 24இல் மறுபடி மூடிய பரவைக் கடைக்காரர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர் விலையை அடித்துக் கேட்டதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தான் முப்பதாயிரத்துக்கு விற்கக்கூடிய ஸ்ப்ளெண்டரை இருபத்திநாலுக்குக் கேட்பார். இடைவெளி அவருடைய வாடகை, வட்டி, வேலை, லாபம், அடுத்த ஊரடங்கு பற்றிய பயம் எல்லாம் சேர்ந்தது. கொடுப்பதைக் கையில் கொடுத்துவிடுவார். மறுநாள் மருந்துச் செலவுக்கு நிற்கும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

நேர் விற்பனையில் அந்த ஆறாயிரம் இரண்டு பேருக்கும் பங்கு போகும். விற்பவருக்கு மூவாயிரம் கூட, வாங்குபவருக்கு மூவாயிரம் குறைவு. இதைவிட முக்கியமானது வண்டியின் வரலாறு தெரிந்திருப்பது. எதிர்வீட்டு அண்ணன் ஓட்டிய வண்டி எங்கே விழுந்தது, எப்போது இன்ஜின் இறக்கினார்கள், எந்த மெக்கானிக்கிடம் விடுகிறார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். “அண்ணே, கடைசியா என்ன சொல்றீங்க?” என்று கேட்டால், “தம்பி, உனக்குத் தெரியாததா, செயின் செட்டு மட்டும் மாத்திக்க, வேற கை வைக்க வேணாம்” என்று பதில் வரும். கடையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. கடைக்காரருக்கே அந்த வண்டி வந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும்.

வண்டி பார்ப்பதிலும் அந்தக் காலத்துக்கென்று ஒரு முறை இருந்தது. விவரம் தெரிந்த ஆள் காலையில் சொல்லாமல் போய் நிற்பார். முதலில் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோவார். சூடு தெரிந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று மாதம் நின்ற வண்டி சில்லென்று இருக்கும்போது எத்தனை கிக்கில் பிடிக்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. அடுத்து டயரின் அடிப்பகுதி. ஒரே இடத்தில் காற்றிறங்கி நின்றிருந்தால் பக்கவாட்டில் வெடிப்பு தெரியும். பிறகு ஹேண்டில்பாரைத் திருப்பி, ஸ்டீயரிங் கழுத்தில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணைத் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். தாளில் எழும் எண்ணை ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். ஏதாவது ஒரு எழுத்து ராவியிருந்தால் அங்கேயே திரும்பிவிடவேண்டும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலோடு நின்று, வண்டிக்காரர் கொஞ்சம் தள்ளி நிற்க இவ்வளவும் செய்ய முடிந்தது. கடை மூடியிருந்தபோது இந்தச் சோதனை கடை வண்டிக்குக் கிடைக்கவில்லை. ஷட்டருக்குள் இருக்கும் வண்டியின் படம் வாட்ஸ்அப்பில் வரும், முன்பணம் கேட்பார்கள்.

நேர் விற்பனையின் பலம் தெரிந்த முகம் என்பதில் இருக்கிறது. அந்த முகம் போய்விட்டால் அது கடையைவிட மோசம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பெரும்பாலான நாட்களில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மருத்துவம், இறப்பு, திருமணம் போன்ற காரணங்களுக்குத்தான் அது கிடைத்தது. அதுவரை பைக் பார்க்கப் போகிறேன் என்று யாரும் இ-பாஸ் வாங்க முடியாது. மாநிலத்துக்குள் அந்த முறை செப்டம்பர் 1 அன்றுதான் நீங்கியது. ஆக, பார்க்காமல் வாங்குவது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. அதை மோசடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ராணுவத்தில் இருக்கிறேன், இடமாற்றம் வந்துவிட்டது, ஆக்டிவாவைப் பாதி விலைக்குத் தருகிறேன், வண்டி ராணுவ பார்சலில் வரும், அனுப்பும் செலவை மட்டும் முதலில் போடுங்கள் என்று சொல்லி, சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்பி ஏமாற்றும் வித்தை முன்பே இருந்ததுதான். ஊரடங்கு அதற்கு நல்ல சாக்காக அமைந்தது. ஏன் நேரில் காட்டவில்லை என்ற கேள்விக்கு அரசாங்கமே பதில் தந்துவிட்டது போல ஆயிற்று. விற்பவர்களும் தப்பவில்லை. பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்கள் என்றதை நம்பியவர்களின் கணக்கிலிருந்து பணம் போனது. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கடைதான் பாதுகாப்பு: கடைக்கு முகவரி உண்டு, போய் நின்று கேட்க ஓர் இடம் உண்டு.

இனி பெயர் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 50ஆவது பிரிவு இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடமை வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்; அதற்குப் படிவம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். அதற்குப் படிவம் 30. கடன் இருந்து முடிந்த வண்டியென்றால் படிவம் 35இல் நிதி நிறுவனத்தின் ஒப்புதலும் தேவை. சாதாரண நாளிலேயே இதை ஒத்திப்போடுகிறவர்கள் நாம். 2020இல் அலுவலகமே மூடியிருந்தது. மே 18 முதல் அரசு அலுவலகங்கள் பாதிப் பணியாளர்களோடு இயங்கின. மதுரை வடக்கு, தெற்கு, மத்தி என்று மூன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இருந்தும், ஜூன் 24க்குப் பிறகு பரவையிலிருந்து அங்கே போக வழியில்லை. காலக்கெடு நீட்டிப்பும் ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. 2020 பிப்ரவரி 1க்குப் பிறகு காலாவதியான ஆர்சி, ஓட்டுநர் உரிமம் போன்றவை செல்லும் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் முதலில் ஜூன் 30 வரை சொன்னது; பிறகு தவணை தவணையாக 2021 அக்டோபர் 31 வரை நீட்டியது. அது ஆவணத்தின் காலாவதிக்குத் தந்த சலுகை. விற்ற வண்டியின் பெயரை மாற்றாமல் இருப்பதற்குத் தந்த சலுகையாகப் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள்.

நேர் விற்பனையில் இது எப்படித் தவறியது? இருபது ரூபாய் பத்திரத்தில், அல்லது வெறும் வெள்ளைத் தாளில், “இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இந்த வண்டிக்கு நான் பொறுப்பல்ல” என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஊரடங்கு முடியட்டும், சேர்ந்து போய் மாத்திக்கலாம் என்று பேச்சு. பேச்சில் வஞ்சகம் இல்லை. ஊரடங்கு முடிந்ததும் வேலை, கடன், குழந்தைகள் படிப்பு என்று அவரவர் பாடு.

கடையில் வேறு மாதிரி. அங்கே படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதாமல் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது பழைய பழக்கம். வண்டியைக் கடையின் பெயருக்கு மாற்றினால் கட்டணம் ஒருமுறை கூடும், ஓனர் எண்ணிக்கையும் ஒன்று கூடும். ‘சிங்கிள் ஓனர்’ வண்டி ‘செகண்ட் ஓனர்’ ஆகிவிடும், விலை இறங்கும். அதனால் கடைசி வாடிக்கையாளர் கிடைக்கும்வரை வண்டி முதல் ஆளின் பெயரிலேயே இருக்கும். சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற இந்த இடைவெளி ஊரடங்கில் மாதக்கணக்கில் நீண்டது. வண்டி ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கும், அங்கிருந்து வேறு ஊருக்கும் போயிருக்கலாம். விற்றவருக்கு ஒன்றும் தெரியாது.

இதன் விளைவு முதலில் காவல் நிலைய வாசலில்தான் தெரிந்தது. தடையை மீறி வெளியே வந்ததற்காகத் தமிழகம் முழுவதும் லட்சக்கணக்கான வண்டிகள் பறிமுதல் ஆயின. நிலையங்களின் முன்னாலும் மைதானங்களிலும் வெயிலில் அடுக்கிக் கிடந்தன. திருப்பி வாங்கப் போனால் ஆர்சியும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ஆர்சியில் இருக்கும் பெயரும் கையில் இருக்கும் ஆதாரில் உள்ள பெயரும் வேறு. தெருக்காரரிடம் வாங்கியவர் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார், வண்டி கிடைத்தது. கடையில் வாங்கியவர் முன்னாள் ஓனரை எங்கே போய்த் தேடுவார்? ஆர்சியில் இருப்பது நாலு வருடத்துக்கு முன் குடியிருந்த வாடகை வீட்டு முகவரி.

இதைவிடப் பெரியது விபத்து. நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு. அந்த வழக்கில் வண்டி ஒருவரல்ல, பலர் கை மாறியிருந்தது. விற்று ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துதான் விபத்து. அப்படியிருந்தும் முதலில் விற்றவர் தப்ப முடியவில்லை. காப்பீடு உயிரோடு இருந்தால் நிறுவனம் கட்டும். இல்லையென்றால் விற்றவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். 2018 செப்டம்பர் 1க்குப் பிறகு வாங்கிய புது டூவீலருக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால் அந்த வண்டிகளுக்கு ஓரளவு கவசம் இருந்தது. ஊரடங்கில் விற்றவற்றில் பெரும்பாலானவை அதற்கு முந்தையவை. வருடா வருடம் புதுப்பிக்கவேண்டியவை. வருமானம் இல்லாத வருடத்தில் எத்தனை பேர் புதுப்பித்திருப்பார்கள்? வெள்ளைத் தாளில் எழுதிய “நான் பொறுப்பல்ல” என்ற வரி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே செல்லலாம். அடிபட்டவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இந்த இடத்தில்தான் இரண்டு வழிகளும் உண்மையில் பிரிகின்றன. தவறு ஒன்றுதான், திருத்தும் வாய்ப்பு ஒன்றல்ல. நேர் விற்பனையில் இருவரும் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒரு நாள் காலையில் சேர்ந்து போனால் முடிகிற வேலை. டூவீலருக்கு மத்திய விதிப்படியான பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய். சேவைக் கட்டணங்கள் தனி. கடை வழியில் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டால் மறுபடி கோக்க ஆள் கிடையாது. அதனால்தான் என் கணிப்பில், 2020இல் தெரிந்தவருக்குள் நடந்த விற்பனை கடையைவிட மேலானது. ஆறாயிரம் ரூபாய்க்காக இதைச் சொல்லவில்லை.

2021 மே மாத ஊரடங்கு வேறு மாதிரி. மே 10இல் தொடங்கி, 24ஆம் தேதி முதல் தளர்வில்லாத ஊரடங்காக இறுகியது. அப்போது நோய் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வண்டி வாங்கும் பேச்சு குறைவு; ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்த நாட்கள் அவை. அதன் பிறகு விற்பனைக்கு வந்த வண்டிகளில் சில, இறந்துபோனவர்களின் வண்டிகள். அங்கே படிவம் 29இல் கையெழுத்துப் போட ஆளே இல்லை. வாரிசு முதலில் ஆர்டிஓவுக்கு இறப்பைத் தெரிவித்து, படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட பிறகே விற்க முடியும். அதற்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். கணவனை இழந்து மூன்று வாரம் ஆன பெண்ணிடம் இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வார்கள்? வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கவும் முடியவில்லை, காசும் தேவை. கேட்ட விலைக்குச் சாவியும் ஆர்சியும் கொடுத்து அனுப்பிய வீடுகளில், இறந்தவர் பெயரிலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்த விஷயத்தில் கடையும் உதவவில்லை, தெருவும் உதவவில்லை. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே, வாகனம் இருந்தால் இதைச் செய்யுங்கள் என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தால்கூடப் போதும்.

கடைகளைப் பொறுத்தவரை சட்டம் பிறகு மாறியது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவேண்டும் என்றானது. அங்கீகாரம் பெற்ற கடையிடம் வண்டியை ஒப்படைத்ததை இணையவழியில் தெரிவித்துவிட்டால், அதை விற்கும்வரை கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்றவர் அன்றே விடுபடுகிறார். இந்த விதி மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் ஊரடங்கு காலக் கடை விற்பனையைப் பற்றி நான் எழுதியதில் பாதியை எழுதவேண்டியிருந்திருக்காது. ஆகவே இன்று விற்பவருக்கு என் தீர்ப்பு வேறு: அங்கீகாரம் உள்ள கடையென்றால் தாராளமாகக் கொடுங்கள், ஒப்படைப்பைப் பதிவு செய்த ரசீதை வாங்காமல் நகராதீர்கள். அங்கீகாரம் இல்லாத கடையில் தேதியில்லாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நேர் விற்பனையென்றால் வாங்குபவரை நம்புங்கள், ஆனால் உங்கள் பங்கான படிவம் 29ஐ நீங்களே அனுப்புங்கள். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

2020இலோ 2021இலோ வண்டி விற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வண்டியின் எண் உங்களுக்கு மறந்திருக்காது. மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரின் சில எழுத்துகள் மறைத்துத்தான் காட்டும். உங்கள் பெயரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள். இன்னும் அது உங்கள் பெயராக இருந்தால், வாங்கியவருக்கு இன்றே போன் போடுங்கள். அவர் கிடைக்காவிட்டால், விற்றதற்கு என்ன சான்று கையில் இருக்கிறதோ அதை இணைத்து ஆர்டிஓ அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.